பெருக்கல் குறி போட்ட அட்டை

டூசான், அரிசோனா
செப்டம்பர் 9

அன்புள்ள தம்பி கேலனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, வெயிலையும் இடது முழங்காலையும் தவிர. நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் ஆறு முறை போன் அடித்துப் பார்த்தேன். ஏழாவது முறை பேனாவை எடுத்துவிட்டேன். நம் சின்னவன் ஆர்லன் இறந்துபோன இந்த ஒன்றரை வருஷத்தில் யார் போனையாவது நீ எடுத்திருக்கிறாயா? ஆறுதல் சொல்லிவிடுவார்கள் என்று அவ்வளவு பயமா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆர்லன் மகள் பிரிட்டாவுக்குப் பிப்ரவரி பதினாறாம் தேதி கல்யாணம். மேடலின் தீவில், அந்த மரச் சர்ச்சில். "ஏண்டி, கோடையில படகு ஓடுறப்ப வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "அப்பாவுக்குப் பனிக்காலம்தான் பிடிக்கும் அத்தை" என்றாள். அப்பா இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியது நீதானாம். "பெரியப்பா வரலன்னா நான் தனியா நடந்துக்குவேன். வேற யாரையும் கூப்பிட மாட்டேன்" என்கிறாள்.

பிப்ரவரியில் உறைந்த ஏரி மேல்தான் தீவுக்குப் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஏரி என்று யாராவது சொன்னாலே நீ எழுந்து போய்விடுகிறாயாமே? அதனால்தான் அந்த மனநல ஆலோசகர் பெண்ணிடம் உனக்கு நேரம் வாங்கினேன். போனாயா? ஐஸ் உடைந்து ஆர்லன் உள்ளே போனபோது பக்கத்தில் இருந்தவன் நீ ஒருவன்தான். என்ன நடந்தது என்று எங்களிடம் சொல்லவே இல்லை. அவளிடமாவது சொல்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மார்லிஸ்

---

ஆஷ்லண்ட், விஸ்கான்சின்
செப்டம்பர் 28

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார்? இங்கே பனி வாரும் லாரிகளை ஷெட்டிலிருந்து எடுத்துத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

போனேன், போதுமா? அவள் பெயர் கொரின். இரண்டு வாரம் அவள் எதிரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தேன். மூன்றாவது வாரம், "கேலன், உங்களுக்குப் பேச வரல. விளையாட வருமா?" என்றாள்.

சீட்டாட்டம் என்று நினைத்துப் போனேன். நூலக மாடியில் ஒரு வட்ட மேசை. என்னையும் சேர்த்து மூன்று பேர், எல்லோரும் அவளிடம் வருகிறவர்கள். ஆளுக்கொரு வேஷத்தை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். கொரின் கதை சொல்வாள்: இதோ காடு, இதோ பாலம், பாலத்தடியில் பூதம், என்ன செய்கிறீர்கள்? நாங்கள் செய்வதைச் சொல்லிவிட்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. ஐம்பத்து நாலு வயதில் எனக்கு இது தேவையா?

லைல் என்று ஒருவன், பாலாடைக்கட்டி லாரி ஓட்டுகிறான். ஆறடி நாலு அங்குலம். கூட்டத்தைக் கண்டால் அவனுக்கு மூச்சு முட்டிவிடும். அவன் எடுத்த வேஷம் முழங்கால் உயரத் திருடி. டெஸ் என்ற பெண் தீயணைப்புப் படையிலிருந்து விலகியவள். அவள் வேஷம் ஒரு பெண் துறவி, ஆனால் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. நான் கல்தச்சன். கல்தச்சன் அதிகம் பேச வேண்டியதில்லை.

கதையில் எதெல்லாம் வரக் கூடாது என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். பாம்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

தம்பி,
கேலன்

---

டூசான்
அக்டோபர் 7

அன்புள்ள கேலன்,

பாம்பா? எட்டாம் வகுப்பில் பாம்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய் டீச்சர் மேசையில் விட்டவனா பாம்புக்குப் பயப்படுகிறவன்?

எனக்குத் தெரியும்டா. உண்மையை எழுதினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒன்றும் எழுதாவிட்டால் அவள் ஏன் என்று கேட்பாள். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஏதோ ஒன்றை எழுதித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டாய். நம் வீட்டில் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கூரையிலிருந்து விழுந்து கால் எலும்பு வெளியே தெரியக் கிடந்த அப்பா, ஆம்புலன்ஸ்காரனிடம் "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டவர்தானே?

அது போகட்டும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டேன். நாலு பக்கம் பகடை பற்றி எழுதியவனுக்கு அதற்கு ஒரு வரி எழுத வரவில்லை.

இங்கே சர்ச்சில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல். எனக்கு இப்போதெல்லாம் மீன் ஒத்துக்கொள்வதில்லை, போவதில்லை. மற்றபடி சௌக்கியம்.

அக்கா,
மார்லிஸ்

---

ஆஷ்லண்ட்
நவம்பர் 3

அக்காவுக்கு,

நலமா? இங்கே முதல் பனி விழுந்து கரைந்துவிட்டது.

பாம்பு விவகாரம் பெரிதாகிவிட்டது. கொரின் வைத்திருந்த கதையில் ஒரு பாம்புக் கோயில் இருந்ததாம். எனக்காக ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பாம்புகளையும் காட்டு வாத்துகளாக மாற்றி எழுதியிருக்கிறாள். வாத்துக் கோயில். வாத்துப் பூசாரி. முப்பதடி நீள வாத்து ஒன்று லைலின் திருடியைப் பின்பக்கம் கவ்விக்கொண்டது.

"வாத்தா? யாருய்யா வாத்த வெச்சுக் கோயில் கட்டினது?" என்று அலறினான். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "கல்தச்சன் சிரிக்கிறான், தேதியக் குறிச்சு வெச்சுக்கோங்க" என்றாள் டெஸ். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கிறாளே.

மேசை நடுவில் ஒரு அட்டை கிடக்கிறது. அதில் ஒரு பெருக்கல் குறி, வேறொன்றும் இல்லை. கதையில் தாங்க முடியாதது எதுவும் வந்தால் அதைத் தொட்டால் போதும், கதை அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது, அப்போதும் சரி, பிறகும் சரி. இதுவரை யாரும் தொட்டதில்லை. லைல் அதன் மேல்தான் காப்பிக் கோப்பையை வைக்கிறான்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீ வருகிறாயா, முதலில் அதைச் சொல். ஆர்லனை அடக்கம் செய்துவிட்டுப் போனவள், திரும்பி இந்தப் பக்கமே வரவில்லை.

கேலன்

---

ஆஷ்லண்ட்
நவம்பர் 22

அக்காவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? நானே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வாத்துக் கோயிலிலிருந்து தப்பி வெளியே வந்தோம். கொரின் சொன்னாள்: "எதிர்ல ஒரு பெரிய ஏரி. முழுசும் உறைஞ்சு கிடக்கு. அக்கரையில வெளிச்சம் தெரியுது." அவள்மேல் தப்பில்லை, அவள் தாளில் பாம்பு மட்டும்தானே இருந்தது. லைல், "சரி, நடப்போம்" என்றான். டெஸ், "ஐஸ் தாங்குமா? கல்தச்சா, நீ முன்னால போய்ப் பாரு" என்றாள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. கையிலிருந்த பகடையைக் கீழே வைக்க முடியவில்லை. எப்படித் தொட்டேன் என்று நினைவில்லை. பார்த்தால் லைலின் காப்பிக் கோப்பையைத் தள்ளிவிட்டு என் கை அட்டை மேல் இருந்தது.

கொரின் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அக்கரைக்கு வந்துட்டீங்க. விடுதியில சூப் கொதிக்குது. யாருக்குப் பசி?" என்றாள். டெஸ், "எனக்குத்தான்" என்றாள். லைல் சிந்திய காப்பியைத் துடைத்துவிட்டு, பாலாடைக்கட்டிப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். ஒருவரும் கேட்கவில்லை, அக்கா. விளையாட்டு முடிந்து படியிறங்கும்போதுகூடக் கேட்கவில்லை. இருபது மாதமாக என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்டார்கள், வாயால் கேட்காதவர்கள் கண்ணால் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினேன்.

கேலன்

---

டூசான்
நவம்பர் 30

அன்புள்ள கேலன்,

படித்த கையோடு எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லையா?

அப்படியென்றால் அன்றைக்கும் நீதான் முன்னால் நடந்தாயா? ஐஸ் தாங்கும் என்று சொன்னது யார்? ஆர்லன் எவ்வளவு நேரம் தண்ணீரில் இருந்தான்? ஏதாவது பேசினானா? என்னைப் பற்றி, யாரைப் பற்றியாவது ஏதாவது சொன்னானா? நான் அவன் கூடப் பிறந்தவள். அந்த வாரம் ஊரில் இருந்தும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. யாரோ லாரிக்காரனும் யாரோ ஒரு பெண்ணும் கேட்கவில்லை என்றால், அவர்களுக்கு அவன் யார்? நான் கேட்பேன். உடனே எழுது.

மார்லிஸ்

---

ஆஷ்லண்ட்
டிசம்பர் 13

அக்கா,

நலம். கொரினின் மேசையிலிருந்து எடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். காப்பிக் கறை லைலுடையது.

கேலன்

---

டூசான்
ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீயும் உன் லாரியும் சுகம்தானே?

உறையைப் பிரித்ததும் அட்டை விழுந்தது. பெருக்கல் குறி, வட்டமான கறை. முதலில் வந்தது கோபம். யாருக்கடா அட்டை காட்டுகிறாய் என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். பிறகு அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பால் எடுக்கும்போதெல்லாம் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன்.

நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இந்த அறுபத்தோரு வயது வரை தெரியாது. கேட்டு நச்சரித்ததற்கு மன்னித்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் கள்ளிச்செடிக்குத் தொப்பி மாட்டியிருக்கிறார். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

அக்கா

---

ஆஷ்லண்ட்
ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

நீ நன்றாக இருக்கிறாய்தானே? அட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவிடு. நானாகவே சொல்கிறேன்.

போன வாரம் கொரினிடம், "அந்த ஏரியத் திரும்பக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும். கேலன், அன்னைக்கு நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"தப்பு உங்களோடது இல்ல. பாம்புன்னு எழுதினது நான்தான். எனக்குப் பாம்பு ரொம்பப் பிடிக்கும்."

லைல்தான் மெதுவாக வாயைத் திறந்தான்: "அப்ப வாத்து என்னைக் கடிச்சது சும்மாவா?" டெஸ் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். கொரின் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, யாராவது ஐஸில் விழலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்டாள். விழட்டும் என்றேன்.

புது அட்டை ஒன்று செய்து நடுவில் வைத்திருந்தாள். ஏரியில் பாதித் தூரம் போனோம். டெஸ்ஸின் துறவி விழுந்தாள். கல்தச்சன் கயிற்றை வீசினான். பகடையை உருட்டினேன். மூன்று. கயிறு எட்டவில்லை.

"இப்ப என்ன பண்றீங்க?" என்றாள் கொரின்.

அட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடவில்லை. "குப்புறப் படுத்துக்கறேன். கிட்டப் போகல, போனா ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம். பேசிக்கிட்டே இருக்கேன்" என்றேன்.

"என்ன பேசறீங்க?"

"வாயில வர்றதெல்லாம்."

டெஸ் என்னையே பார்த்தாள். ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல், "உன் குரல் கேக்குது. நிறுத்திடாத" என்றாள். துறவியாகச் சொன்னாளா, தீயணைப்புப் படையில் எத்தனையோ பேரைத் தேடித் தண்ணீரில் இறங்கியவளாகச் சொன்னாளா, தெரியாது. நான் உடைந்து அழுதுவிட்டேன், அக்கா. லைல், "திருடி இவன் காலைப் பிடிச்சுக்கிட்டுக் கயிற மறுபடி வீசறா" என்று சொல்லி உருட்டினான். இருபது! மூவரும் போட்ட சத்தத்தில் நூலகர் மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான், இருபது மட்டும் விழவில்லை. மார்ச் மாதம், ஐஸ் இளகிக் கறுத்திருந்தது. தாங்கும் என்று சொல்லி முன்னால் நடந்தவன் நான். என்னைத் தாங்கியது, அவனைத் தாங்கவில்லை. இருபதடி தள்ளிக் குப்புறக் கிடந்தேன். நான் ஊர்ந்தபோதெல்லாம் எனக்குக் கீழே விரிசல் ஓடியது. "வராதண்ணா, வராத" என்று அவனே கத்தினான். கரையில் இருந்தவர்கள் உதவிக்கு ஆள் கூப்பிட்டார்கள். வந்து சேரப் பதினோரு நிமிஷம். அத்தனை நேரமும் பேசினேன். படகு மோட்டார், பாக்கர்ஸ் அணி தோற்ற ஆட்டம், அப்பாவுடைய பழைய டிரக்கின் கிளட்ச். தம்பி செத்துக்கொண்டிருந்தபோது கிளட்ச்சைப் பற்றிப் பேசினேன் என்று உங்களிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் அவன் பதில் சொன்னான். கிளட்ச்சைக் கெடுத்தது நீதான் என்று சண்டைகூடப் போட்டான். கடைசியில், "அக்காகிட்ட சொல்லிடு, இன்னைக்கு மீன் கிடையாதுன்னு" என்று சிரித்தான். அதற்குப் பிறகு பேசவில்லை.

டெஸ் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அவன் தனியாகப் போகவில்லை. என் குரல் அவனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வருகிறேன் என்று பிரிட்டாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் தம்பி,
கேலன்

---

டூசான்
பிப்ரவரி 2

அன்புள்ள கேலன்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். ஆர்லனுக்குக் கடைசியில் கிடைத்தது உன் குரல் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஆனால் என்னால் கல்யாணத்துக்கு வர முடியாது. முழங்கால் காரணமில்லை. அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். இந்த முறை வைப்பது நான்.

மார்லிஸ்

---

ஆஷ்லண்ட்
பிப்ரவரி 7

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். கேட்கவில்லை.

ஒரு தகவல் மட்டும். பதினைந்தாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு டுலூத் விமான நிலையத்தில் லைல் நிற்பான், உன் பெயர் எழுதிய பலகையோடு. அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. நீ வராவிட்டாலும் கூட்டத்தில் ஒரு மணி நேரம் நிற்பது அவனுக்கு நல்ல பயிற்சி என்கிறாள் கொரின். அதனால் சங்கடப்படாதே.

கேலன்

---

டூசான்
பிப்ரவரி 23

அன்புள்ள கேலன்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் உன் முகத்தை நீ பார்க்கவில்லையே, அதற்காக எழுதுகிறேன்.

பாவி, ஆறடி நாலு அங்குல ஆளை விமான நிலையத்தில் தனியாக நிற்க வைத்தால் எந்த மனுஷி வராமல் இருப்பாள்? நான் இறங்கி வந்தபோது அவனைச் சுற்றி ஒரு ஹாக்கி அணியே நின்றது. வேர்த்து விறுவிறுத்துப் பலகையை நெஞ்சோடு பிடித்திருந்தான். "நீங்கதான் பாம்புக்காரரோட அக்காவா?" என்றான். அந்த நிமிஷமே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் பேஃபீல்ட் கரையில் காரை நிறுத்திவிட்டு நீ கீழே இறங்கி நின்றாயே, அது ஞாபகம் இருக்கிறதா? ஐஸ் மேல் வழி தெரிவதற்காகத் தீவு வரைக்கும் பாதையின் இரு பக்கமும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை நட்டிருந்தார்கள். உன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வாயைத் திறக்காமல் நிற்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்துக் கார் பானெட் மேல் உருட்டினாய்.

"நாலுதாண்டா விழுந்திருக்கு" என்றேன்.

"மூணையே பாத்தாச்சுக்கா. ஏறு" என்றாய்.

ஐஸ் உடைந்தால் வெளியேற வசதியாகக் கண்ணாடியை எல்லாம் இறக்கினாய், பெல்ட்டைக் கழற்றச் சொன்னாய், ஐஸ் மேல் வண்டியை இறக்கினாய். உடனே கிளட்ச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். குரல் நடுங்கவில்லை. பாதி வழியில், நமக்கு நடுவில் நீ வைத்திருந்த அட்டையை நான்தான் எடுத்துப் பைக்குள் போட்டேன். "அன்னைக்குக் காலையில மீன் கேட்டது நான்தாண்டா. டூசானுக்குக் கொண்டுபோக நாலு மீன் பிடிச்சுக் குடுன்னு நான்தான் அவனுக்குப் போன் பண்ணினேன். நான் கேக்காம இருந்திருந்தா..." என்று இரண்டு வருஷமாக விழுங்கியதைக் கொட்டினேன்.

நீ பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்க்கா. ஐஸ் மேல நடக்கறப்பவே சொன்னான். 'அக்கா மீன் கேட்டிருக்கா, இனி மூணு வருஷத்துக்கு இதையே சொல்லிக் காட்டுவேன்'னு குஷியா வந்தான். நீ கேக்கலன்னா மட்டும் வீட்ல உக்காந்திருப்பானா? எந்தச் சனிக்கிழமை அவன் ஏரிக்குப் போகல?"

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது. "நிறுத்தட்டுமா?" என்று கேட்டாய்.

"ஐஸ் மேல எவனாவது வண்டிய நிறுத்துவானா? ஓட்டுடா!" என்று கத்தினேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். தீவுக் கரையில் ஏறியதும் நீ ஹாரனை விடாமல் அடித்தாய். பின்னால் வந்த லைலும் டெஸ்ஸும் அடித்தார்கள். பிரிட்டா கல்யாண உடுப்போடும் ரோமம் வைத்த பூட்ஸோடும் பனியில் ஓடி வந்தாள்.

சர்ச்சில் அவள் கையைப் பிடித்து நீ நடந்து வந்தபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? ஆர்லன் பிறந்த அன்று, நாலு வயதில், அவனை மடியில் வைத்துக்கொள்ள உன்னை விட்டார்கள். அன்றைக்கு இருந்த முகம். டெஸ் என்னை அணைத்துக்கொண்டு அழுதபடி சொன்ன வார்த்தை போதகருக்கே கேட்டுவிட்டது. லைல் நூற்றிருபது பேர் நடுவில் கடைசிவரை நின்றான்.

விருந்தில் நீ ஒன்றும் பேசாமல் என் தட்டில் ஏரி மீனை வைத்தாய். நானும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன், கவனித்தாயா?

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். கொரினிடம் சேர்த்துவிடு, அந்த மேசைக்கு இனி வருகிறவர் யாருக்காவது வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் அடிப்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடாதே, எனக்கு மாரடைத்துவிடும். மூன்றாவது மணியில் எடு.

உன் அக்கா,
மார்லிஸ்